பின்வரிசைத் தட்டுகள்

அவளை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியில் வாடகைக் காருக்குள்ளேயே பிறந்துவிட்டவள். அவளுடைய அப்பா விளையாட்டாகச் சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சான்றிதழில் வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லி அழைத்தால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே அக்கம்பக்கம் பார்ப்பாள்.

ஊருக்கு வெளியே, லாரிகள் எடை போடும் இடத்தைத் தாண்டி இருந்த பொடித் தொழிற்சாலையில் அவள் உலையைப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடிக்குப் பளபளப்பு ஏற்றும் பொடி அங்கே தயாரானது. மூக்குக் கண்ணாடியோ கேமரா லென்ஸோ, வார்த்து எடுத்ததும் பளிச்சென்று வந்துவிடுவதில்லை. முதலில் முரட்டு மணலால் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்போது அது மூச்சுக்காற்று பட்ட ஜன்னல்போல வெளுத்து மங்கிப்போயிருக்கும். பிறகு இந்தப் பொடியைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்கத்தான் கண்ணாடி கண் திறக்கும்.

பொடி மூட்டையில் வரும்போது மாவுபோல வெள்ளையாக இருக்கும். அந்த நிலையில் அதைக் கொண்டு கண்ணாடியை நாள் முழுக்கத் தேய்த்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதைச் சுடுமண் தட்டுகளில் பரப்பி, ஆள் உயர உலைக்குள் அடுக்கி, சூட்டை மெல்ல ஏற்றி, உச்சியில் சில மணி நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். வெளியே வரும்போது எடை பாதியாகக் குறைந்து, நிறம் இளமஞ்சளாகியிருக்கும். "சூடு பட்டாத்தான் அதுக்குப் பல்லு முளைக்கும்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவசரம் சொல்வாள்.

மூட்டை வாய் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தவள் அவள். உலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அந்த வெக்கையில் நிற்க ஒருத்தரும் முன்வரவில்லை. "நான் நிக்கிறேன்" என்று இவள் கையைத் தூக்கினாள். ஒரு மாதத்தில் ஓடிவிடுவாள் என்று நினைத்தார்கள். அவளோ உலையோடு ஒண்டிக்கொண்டாள். மின்சாரம் போய்விட்டால், வீட்டில் குழந்தை விழுந்துவிட்ட மாதிரி பதறுவாள். சுட்ட பொடியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து நெருடிப் பார்த்தே, சூடு போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தவறிப்போகும் நாளில், "இன்னைக்கு என் விரலுக்குக் காய்ச்சல்" என்று தானே சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். மாடியில் அவளுடைய தம்பி குடும்பத்தோடு இருந்தான். ஊரின் மறுகோடியில் ஒரு லென்ஸ் பட்டறையில் பாலிஷ் போடுகிறவன் அவன். அக்கா சுடும் பொடியால்தான் தம்பி கண்ணாடி தேய்த்தான். ஆகவே இந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் பொடியைப் பற்றிப் பேச்சு வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

அந்த வருடம் தம்பியின் பட்டறைக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஒரு மலை மேல் இருக்கும் வானாய்வு நிலையத்தின் தொலைநோக்கிக்குக் கண்ணாடி செய்ய வேண்டும். வட்டமான கனத்த கண்ணாடி. இரண்டு கையையும் விரித்துக் கட்டிப்பிடித்தால்தான் அதன் அகலம் பிடிபடும். பட்டறைக்காரர் அதைத் தம்பியின் கையில் ஒப்படைத்தார். அவன் பூரித்துப்போனான். ஆனால் வேலை நத்தையாக நகர்ந்தது.

"அக்கா, உங்க பொடி நல்ல பொடிதான்" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "ஆனா தூங்குது. கையை எடுத்துப் பாத்தா காலையில இருந்த மாதிரியே இருக்கு."

"தூங்குதா?"

"கொஞ்சம் தட்டி எழுப்பேன்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். இவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் நேராக ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே இருந்த வேதியியல் படித்த பெண்ணை அவள் டீச்சர் என்று அழைப்பாள். எதைக் கேட்டாலும் உட்காரவைத்து விளக்குகிறவள் என்பதால் வந்த பெயர் அது.

"சூட்டை ஏத்தினா பொடி வேகமாத் தேய்க்குமா டீச்சர்?"

"தேய்க்கும் அக்கா. சூடு ஏற ஏற உள்ளே இருக்கிற படிகம் பெருசாகும், கெட்டிப்படும். ஆனா ஒரு அளவுக்கு மேல போகக் கூடாது. கொஞ்சம் ஏத்திப் பாருங்க, நான் சோதிச்சுச் சொல்றேன்."

ஏற்றினார்கள். டீச்சர் ஒரு கண்ணாடித் துண்டை எடை போட்டு, புதிய பொடியால் தேய்த்து, மறுபடி எடை போட்டாள். பழைய பொடி தேய்த்ததைவிட ஒன்றரை மடங்கு கண்ணாடி கரைந்திருந்தது. கீறலும் இல்லை. முதலாளிக்குச் சந்தோஷம், பட்டறைகளுக்குச் சந்தோஷம். தம்பி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, முழிச்சிருச்சு" என்று கத்தினான். அவசரம் சில வாரங்கள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தாள்.

பிறகு ஒரு நாள் மாலை தம்பி வேலை முடிந்து நேராகக் கீழ்வீட்டுக்கு வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தான். கண்ணாடியின் குறுக்கே தலைமுடி கிடப்பதுபோல ஒரு கோடு. அவசரம் அதை விரலால் துடைத்தாள். போகவில்லை.

"பெரிய கண்ணாடியிலயும் விழுந்திருக்கு" என்றான் அவன். "ஒண்ணு இல்ல, நாலு. மறுபடி முரட்டு மணல்ல இருந்து ஆரம்பிக்கணும். எல்லாம் போச்சு."

"உங்க பட்டறையில தூசி இருக்கும்."

"ஈரத்துணி போட்டுத் துடைச்சுட்டுத்தான் உள்ளயே போறோம்."

"அப்போ கை அதிகமா அழுந்தியிருக்கும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "என் கையா?"

"என் பொடியைச் சோதிச்சுத்தான் அனுப்பறோம்."

"சரி" என்று சொல்லிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அன்றோடு பேச்சு நின்றது. ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே வாசல். அக்காவும் தம்பியும் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு விலகினார்கள். சேதி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஓட்டுநர்தான் ஏறி இறங்கினார்.

"மாப்ள, உங்க அக்கா மோட்டாரை நிறுத்தச் சொன்னா."

"நிறுத்திட்டேன்னு சொல்லுங்க மாமா."

"பஸ்ஸுலயாவது உட்கார்ந்து ஓட்டறேன்" என்று அவர் மனைவியிடம் அலுத்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்தா முழங்கால் கழண்டுடும்போல இருக்கு. ரெண்டு பேரும் எப்பதான் பேசப் போறீங்க?"

அந்தத் தலைமுடிக் கோடு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னாள். டீச்சர் சேர்த்துவைத்திருந்த மாதிரிப் பொடிகளை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தாள், கண்ணாடியில் தேய்த்தும் பார்த்தாள். எல்லாம் சுத்தம்.

"நம்ம பொடியில குறை இல்ல அக்கா."

அவசரத்துக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. உலைக்குத் திரும்பினாள். ஆறிய உலையின் கதவு திறந்திருந்தது. முன்வரிசைத் தட்டுகளை இறக்கிவிட்டு ஆட்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். அப்போதுதான் டீச்சரிடம் இருந்த மாதிரிகளெல்லாம் எங்கிருந்து எடுத்தவை என்று அவளுக்கு உறைத்தது. எல்லாமே முன்வரிசையில் எடுத்தவை. எடுத்துக் கொடுத்ததும் இவள்தான். பின்வரிசைக்குக் கை எட்டாது, உடம்பை உள்ளே நுழைக்க வேண்டும், சுவர் இன்னும் கதகதவென்று இருக்கும். யாரும் பின்னாலிருந்து எடு என்று சொன்னதில்லை. அவளும் எடுத்ததில்லை. சூடு காட்டும் மீட்டரின் கம்பியும் கதவுப் பக்கமாகத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. சூடு தரும் மின்கம்பிச் சுருள்களோ பின்சுவரில் இருந்தன.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பின்வரிசைத் தட்டில் பொடி, தட்டின் ஓரத்தைவிட்டு நன்றாக விலகிச் சுருங்கிக் கிடந்தது. ஒரு கட்டியை எடுத்து நெருடினாள். முன்வரிசைக் கட்டி விரல் பட்டதும் உதிர்ந்துவிடும். இது உதிரவில்லை. நகத்தால் கீறினாள். நகம்தான் தேய்ந்தது.

கட்டியைக் கொண்டுபோய் டீச்சரின் மேசைமேல் வைத்தாள். "இதைப் பாருங்க. இது பின்வரிசை."

டீச்சர் வெகுநேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. "நானும் கேட்டிருக்கணும் அக்கா, எங்க இருந்து எடுக்கறீங்கன்னு." பிறகு விளக்கினாள். பொடியின் ஒவ்வொரு துகளும் குட்டிக் குட்டிப் படிகங்கள் ஒட்டிய கொத்து. சரியான சூட்டில் அவை இலேசாகத்தான் ஒட்டியிருக்கும். தேய்க்கும்போது அழுத்தம் கூடினால் கொத்து உடைந்து, புது முனை காட்டி, தேய்த்துக்கொண்டே போகும். சூடு மிஞ்சினால் அவை ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்துவிடும். அப்புறம் அழுத்தினாலும் உடையாது. கண்ணாடிதான் கீறும்.

"சுட்டதுக்கு அப்புறம் அரைச்சுச் சலிக்கறோமே?"

"சல்லடைக்குப் பருமன்தான் தெரியும். கெட்டியா, மிருதுவான்னு அதுக்குத் தெரியாது."

பழைய சூட்டில் பின்வரிசையும் எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தது. இவள் சூட்டை ஏற்றியதும் அது எல்லையைத் தாண்டிவிட்டது. முன்வரிசை நல்ல பொடி, பின்வரிசை கல். இரண்டும் ஒரே அரவையில் கலந்து, ஒரே மூட்டையில் போயிருந்தன.

அவசரம் அங்கிருந்தே முதலாளி அறைக்கு நடந்தாள். டீச்சரும் எழுந்து கூட வந்தாள். முதலாளி கெட்டவர் அல்ல. ஆனால் மூட்டை திரும்பி வருகிறது என்ற பேச்சைக் கேட்டாலே அவருக்கு வியர்க்கும்.

"எல்லா மூட்டையுமா? யாரும் இன்னும் புகார் பண்ணலையே."

"பண்ணிட்டாங்க சார். என் தம்பி. அவன் கையைக் குறை சொல்லி அனுப்பிட்டேன்."

"மறுபடி ஒரு தடவை சுட்டுச் சரிபண்ண முடியாதா?"

"ஒட்டினது ஒட்டினதுதான் சார்" என்றாள் டீச்சர். "சூடு பிரிக்காது, இன்னும்தான் ஒட்டும். அரைச்சா கூர்கூரா உடையும்."

"பின்வரிசையில மாதிரி எடுக்காம விட்டது நான்" என்றாள் அவசரம். "லாரியைக் குடுங்க. நானே போய் எடுத்துட்டு வரேன்."

முதலாளி மேசைமேல் இருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். "நீயே போறேன்னு சொல்றே. அவங்க என்ன பேசினாலும் கேட்டுக்குவியா?"

"கேட்டுக்கறேன்."

அவள் போனாள். லாரி ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டறையாக இறங்கினாள். "எங்க பொடியில தப்பு நடந்துபோச்சு. கெட்டித் துகள் கலந்திருக்கு. மீதியைக் குடுத்துடுங்க, நல்ல பொடி அனுப்பறோம்." மூக்குக் கண்ணாடி செய்கிற ஒருவர் நிற்கவைத்து வறுத்தெடுத்துவிட்டார். அவள் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டே மூட்டையைத் தூக்கினாள். இன்னொரு பட்டறையில், கீறல் விழுந்ததற்காகத் தங்கள் ஆளை வேலையைவிட்டு நிறுத்த இருந்தார்களாம். "அவரைக் கூப்பிடுங்க" என்று சொல்லி, அந்த மனிதர் வரும்வரை அங்கேயே நின்று, அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பியின் பட்டறையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பயம்தான். உள்ளே போனபோது அவன் பெரிய கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி முரட்டு மணலால் தேய்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி முழுக்க வெளுத்துப்போயிருந்தது. பட்டறைக்காரரும் மற்ற ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். அவள் வாசலில் நின்றபடியே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"கீறல் என் பொடியால விழுந்தது. அவன் கையால இல்ல."

தம்பி நடப்பதை நிறுத்தினான். பட்டறைக்காரர் என்ன ஏது என்று விசாரித்தார். பின்வரிசை, மீட்டர், சுருங்கிய தட்டு எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, மூட்டையை ஏத்துங்க" என்று ஆட்களுக்குச் சொன்னார். தம்பி கையைக் கழுவிக்கொண்டு வந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை அவள் பிடித்தாள். இருவருமாகத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

"வேகமா வேணும்னு கேட்டது நான்தானே" என்றான் அவன்.

"கேட்டா? கேக்கறதை எல்லாம் குடுத்துடறதா?"

"சின்ன வயசுல எதைக் கேட்டாலும் குடுக்க மாட்ட. இதைப் போய்க் குடுத்திருக்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பொடியா கண்ணீரா என்று அவன் கேட்கவில்லை. அன்று இரவு ஓட்டுநர், மாடியிலும் கீழேயும் ஒரே நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு, "என் உத்தியோகம் போச்சு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

திரும்பி வந்த பொடி வீணாகவில்லை. மேசைக் கண்ணாடிகளின் விளிம்பைத் தேய்க்கிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கீறலைப் பற்றிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அவசரம் பிடிவாதமாக நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எல்லோரையும் வியக்கவைத்தது. பழைய சூட்டுக்கே திரும்பிவிடலாம் என்றார் முதலாளி. அவள் ஒப்பவில்லை. சின்னக் கிண்ணங்களில் பொடியை நிரப்பி, உலையின் மூலைமுடுக்கெல்லாம் வைத்தாள். ஒருநாள் இந்தச் சூட்டில், மறுநாள் அந்தச் சூட்டில் என்று மாற்றி மாற்றிச் சுட்டாள். டீச்சர் இன்னொரு மீட்டர் வாங்கவைத்து, அதன் கம்பியைப் பின்சுவர்ப் பக்கம் நீட்டினாள். ஒவ்வொரு கிண்ணத்துப் பொடியையும் தம்பி மாடியில், ஜன்னலோரம், கையகலக் கண்ணாடித் துண்டுகளில் தேய்த்துப் பார்த்தான். அவன் மனைவி, "துணி காயப்போட இடமில்ல, எங்க பாத்தாலும் கூழ்" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் கைவிளக்கை அவளே பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் கீறலைக் கண்டுபிடிப்பதில் அவள் கண்தான் கூர்மை.

குறைந்த சூட்டில் சுட்ட பொடி மெதுவாகத்தான் தேய்த்தது. ஆனால் அது தேய்த்த கண்ணாடியில் புகைபோன்ற மங்கல்கூட மிச்சமில்லை. நடுச் சூட்டில் சுட்டது மளமளவென்று தேய்த்தது, கடைசி மெருகு மட்டும் கொஞ்சம் குறைந்தது. அதற்கு மேலே போனால் கோடு விழுந்தது. ஒரே பொடி எல்லாவற்றையும் செய்யும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு என்று அவசரத்துக்குப் புரிந்தது.

"ரெண்டா சுடுவோம் டீச்சர்" என்றாள். "முதல்ல தேய்க்க ஒண்ணு, முடிக்க ஒண்ணு. பின்வரிசையில தட்டே வேண்டாம், காலியா விட்டுடுவோம்."

"உலையில கால்வாசி இடம் போயிடுமே. சார் ஒத்துக்குவாரா?"

"லாரியில திரும்பி வந்த மூட்டையைப் பாத்தவரு. ஒத்துக்குவாரு."

ஒத்துக்கொண்டார். கொஞ்சம் முனகினார், ஆனால் ஒத்துக்கொண்டார்.

தம்பி பெரிய கண்ணாடியை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, வேகப் பொடியால் தேய்த்து, நிதானப் பொடியால் முடித்தான். மாதங்கள் ஆயின. முடிந்த அன்று அவசரத்தையும் டீச்சரையும் பட்டறைக்கு வரச் சொன்னான். மலைக்குப் போன பிறகுதான் அதன்மேல் வெள்ளிப் பூச்சு ஏற்றுவார்கள். அதற்கு முன்னால் வெறும் கண்ணாடியாகப் பார்க்க வேண்டுமென்றால் அன்றுதான் பார்க்க முடியும். பாதம் கழுவி, தலைக்குத் துணி கட்டி, உள்ளே விட்டார்கள். அறையை இருட்டாக்கி, தம்பி கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தான்.

அவசரம் குனிந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். வெளிச்சம் கண்ணாடிக்குள் இறங்கி மறைந்துபோயிற்று. மேல்பரப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கையை நீட்டினால் உள்ளே போய்விடும்போல இருந்தது.

"என்ன தெரியுது?" என்று தம்பி கேட்டான்.

"ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஒண்ணுமே இல்ல." டீச்சர் அவள் தோளில் கை வைத்தாள்.

கண்ணாடி மலைக்குப் போனது. தம்பியும் லாரியிலேயே கூடப் போய், இறக்கி வைத்துவிட்டு வந்தான். தொழிற்சாலையில் இரண்டு வகைப் பொடிகளும் நன்றாக விற்றன. முதலாளி ஒருநாள் அவசரத்தை அழைத்து, இனி உலையின் முன்னால் நிற்க வேண்டாம், அலுவலகத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தால் போதும் என்றார். அவளுக்கென்று புதிய நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தார். சக்கரம் வைத்தது, சாய்ந்துகொள்ள வசதியானது.

அவசரம் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். "நல்லா இருக்கு சார்" என்றாள். பிறகு அதைத் தள்ளிக்கொண்டே வராந்தாவைக் கடந்து, அரவைக் கூடத்தைக் கடந்து, உலைக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கேதான் இன்றும் அது கிடக்கிறது. சூட்டில் அதன் கைப்பிடி ஒரு பக்கம் இளகி வளைந்துவிட்டது. முதலாளி அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறார். அவள் உட்காருவது என்னவோ குறைவுதான்.